டகோமா பழசானாலும் ஏன் விலை இறங்க மாட்டேன் என்கிறது? பிக்கப் ரீசேல் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம்

டெக்சஸ் வந்த புதிதில் எல்லோரையும் போல நானும் கேம்ரி, அக்கார்ட் என்றுதான் சுற்றிக்கொண்டிருந்தேன். வீடு வாங்கிய பிறகுதான் பிக்கப் ஆசை வந்தது. பத்தடி மரப்பலகையைக் கடையில் வாங்கிவிட்டு, இதைக் காருக்குள் எப்படித் திணிப்பது என்று வெயிலில் நின்று யோசித்தவர்களுக்கு அந்த ஆசை புரியும். சரி, புதுசுக்குப் பணம் இல்லை, பழசு பார்க்கலாம் என்று போனால் நாலைந்து வருடம் ஓடிய டொயோட்டா டகோமாவின் விலை தலையைச் சுற்ற வைத்தது. இன்னும் கொஞ்சம் போட்டால் ஷோரூம் வண்டியே வந்துவிடும்!

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். அமெரிக்க மிட்சைஸ் (நடுத்தர அளவு) பிக்கப் சந்தையில் அந்த யானை டகோமாதான். ரீசேல் (மறுவிற்பனை) மதிப்புப் பட்டியல்களில் வருடக்கணக்காக முன்வரிசையிலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரை நம்பி இன்று நாம் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம்? அதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு நோட்டு, ஒரு கால்குலேட்டர், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இருந்தால் நாமே கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கு முன் ஒரு குட்டிக்கதை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பிய நாடுகள் வரியை ஏற்றின. பதிலுக்கு அமெரிக்க அதிபர் ஜான்சனின் அரசு, வெளிநாட்டிலிருந்து வரும் சிறிய டிரக்குகளுக்கு 25 சதவீதம் வரி போட்டது. 1964இல் வந்த அந்தக் 'கோழி வரி' இன்னும் போகவில்லை. நம் ஊர்க்காரர்கள் வளைகுடாவில் பார்த்துப் பழகிய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் அமெரிக்காவில் கிடைக்காததற்கு இந்த வரி ஒரு பெரிய காரணம். அங்கே ஹைலக்ஸின் இடத்துக்கு 1995இல் வந்தது டகோமா. பல வருடம் அது தயாரான கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட் ஆலையில் இப்போது டெஸ்லா கார் செய்கிறார்கள். டகோமா சான் அன்டோனியோவுக்குப் போய், இப்போது மெக்சிகோவில் தயாராகிறது.

வெளியிலிருந்து போட்டி குறைவு. உள்ளே இருந்தவர்களும் பாதியில் கடையைச் சாத்தினார்கள். டாட்ஜ் டகோட்டா 2011உடன் நின்றது. அதே ஆண்டு கடைசியில் ஃபோர்டு ரேஞ்சர் உற்பத்தியும் நின்று, அமெரிக்காவுக்கு 2019 மாடலாகத்தான் திரும்பி வந்தது. ஷெவ்ரலே கொலராடோ 2012இல் போய் 2015 மாடலாக வந்தது. அந்த இடைவெளியில் டகோமாவை விட்டால் நிசான் ஃப்ரான்டியர், ஹோண்டா ரிட்ஜ்லைன் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். டகோமா நல்ல வண்டி என்பது உண்மை. மற்றவர்கள் களத்தில் இல்லை என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்துதான் இந்த விலை.

படி 1: எந்த வண்டி என்று துல்லியமாக எழுதுங்கள்

"2019 டகோமா" என்று மட்டும் எழுதினால் கணக்கு அங்கேயே கோணிவிடும். எஸ்ஆர், எஸ்ஆர்5, டிஆர்டி ஆஃப்ரோடு, டிஆர்டி ப்ரோ என்று ஒரே வருடத்தில் பல தரம். நான்கு கதவா, சின்னக் கேபினா? பின்தொட்டி ஐந்தடியா ஆறடியா? டூ வீலா, ஃபோர் வீலா? நாலு சிலிண்டரா, வி6ஆ? ஒவ்வொன்றுக்கும் விலை மாறும்.

சந்தேகம் இருந்தால் வண்டியின் அடையாளமான 17 எழுத்து விஐஎன் எண்ணைப் பாருங்கள். ஓட்டுநர் பக்கத்து முன்கண்ணாடியின் அடியில் இருக்கும். அதில் பத்தாவது இடம் மாடல் வருடத்தைச் சொல்லும். 2016க்கு 'ஜி', 2020க்கு 'எல்'. 2016இல் வந்தது மூன்றாம் தலைமுறை, 2024இல் வந்தது நான்காம் தலைமுறை. இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள். புதியதில் 2.4 லிட்டர் டர்போ. பழைய 3.5 லிட்டர் வி6தான் வேண்டும் என்று தேடி அலைகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

படி 2: புதிதாக வாங்கியபோது கையை விட்டுப் போன பணம் எவ்வளவு?

பெரும்பாலானோர் வழுக்குவது இங்கேதான். இணையத்தில் வரும் சதவீதங்களில் பல, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் விலையை வைத்துப் போட்டவை. ஸ்டிக்கர் விலைக்கே வண்டி விற்றதா? டகோமாவுக்கு அவ்வளவாகத் தள்ளுபடி தர மாட்டார்கள். கிராக்கியான காலத்தில் மேலே கூடக் கேட்பார்கள். போட்டி வண்டிகளுக்கு வருடக் கடைசியில் சில ஆயிரம் டாலர் தள்ளுபடி கிடைப்பது சகஜம். அதனால் நோட்டில் இரண்டு பத்தி வையுங்கள்: ஸ்டிக்கர் விலை, உண்மையில் கொடுத்த விலை.

படி 3: இன்றைய விலையைத் திரட்டுங்கள்

வாகன விலையை மதிப்பிடும் கெல்லி ப்ளூ புக் தளத்தில் வண்டி விவரத்தைப் போட்டால் ஒரே வண்டிக்குப் பல விலை காட்டும். டீலரிடம் பழசைக் கொடுத்துப் புதுசு எடுக்கும்போது கிடைப்பது டிரேட்-இன் விலை. இதுதான் குறைவு. நேரடியாக இன்னொருவருக்கு விற்றால் கிடைப்பது நடுவில். டீலர் நமக்கு விற்கும் விலை மேலே. தான் விற்கப்போகும் வண்டிக்கு டீலர் விற்கும் விலையை எடுத்துவிட்டு "என் வண்டி 85 சதவீதம் நிற்கிறது" என்று மார்தட்டுகிறவர்களை வாட்ஸ்அப் குழுவில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, விளம்பரங்களில் அதே வருடம், அதே தரம், ஏறக்குறைய அதே மைல் ஓடிய பத்து வண்டிகளின் விலையை எழுதுங்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு அடித்துவிடுங்கள். மீதி ஆறின் சராசரி போதும். அது கேட்கிற விலைதான், கைமாறிய விலை இல்லை என்பதை மறக்க வேண்டாம். உங்கள் வண்டியாக இருந்தால், பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கார்மேக்ஸ் மாதிரி இடத்தில் ஒரு விலை வாங்கி வையுங்கள். காசு கேட்க மாட்டார்கள், ஏழு நாள் செல்லும். பேரம் பேசும்போது காலுக்குக் கீழே ஒரு தரை இருக்கும்.

படி 4: கணக்கு

கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. உங்கள் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

டகோமா: ஸ்டிக்கர் 40,000 டாலர், கொடுத்ததும் 40,000. ஐந்து வருடம், 60,000 மைல் கழித்து 30,000க்கு விற்கிறோம்.

இன்னொரு கம்பெனி வண்டி: ஸ்டிக்கர் 38,000, தள்ளுபடி போகக் கொடுத்தது 33,000. அதே ஐந்து வருடம், அதே மைல், 21,500க்கு விற்கிறோம்.

ஸ்டிக்கரை வைத்துப் பார்த்தால் டகோமா 75 சதவீதம், மற்றது 57க்குப் பக்கம். 18 புள்ளி வித்தியாசம்! இதைப் பார்த்தவுடனே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. கொடுத்த விலையை வைத்துப் போட்டால் மற்றது 65 சதவீதம். இப்போது சதவீதத்தை விட்டுவிட்டு டாலரைப் பாருங்கள். டகோமாவில் இழந்தது 10,000. மற்றதில் 11,500. ஐந்து வருடத்துக்கு வித்தியாசம் 1,500 டாலர். மைலுக்கு டகோமா 16.7 சென்ட், மற்றது 19.2 சென்ட்.

இன்னும் முடியவில்லை. டகோமாவுக்காக 7,000 டாலர் கூடுதலாகப் போட்டோமே, அது சும்மாவா வந்தது? டெக்சஸ் விற்பனை வரி 6.25 சதவீதம், 7,000க்கு 437 டாலர் 50 சென்ட். அந்த 7,000த்தையும் 7 சதவீத வட்டிக்கு ஐந்து வருடக் கடனில் எடுத்திருந்தால் மாதம் 138 டாலர் 61 சென்ட். மொத்த வட்டி 1,316 டாலர் சொச்சம். இரண்டையும் கூட்டினால் 1,754. அதாவது 1,500 மிச்சம் பிடிக்க 1,754 செலவு செய்திருக்கிறோம்.

கடனில் வாங்குகிறவருக்கு, இந்த எண்களில், ரீசேல் ராஜா 254 டாலர் பின்தங்கிவிட்டார். கைக்காசு போட்டு வாங்குகிறவருக்கு வரி மட்டும்தான். அவருக்கு டகோமா ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேலேயே லாபம். ஒரே வண்டி, ஒரே சந்தை, ஆளுக்கு ஆள் விடை மாறுகிறது. முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கேயோ தப்பு என்று நினைத்து இரண்டு முறை அழித்து எழுதினேன்.

இன்னொரு விஷயம்: விலை இறங்காத வண்டியைப் பழசாக வாங்குவதில் நமக்கு லாபம் குறைவு. இரண்டு வருடம் ஓடிய டகோமா புதுசைவிட மூவாயிரம், நாலாயிரம்தான் குறைவு என்றால் நான் புதுசுக்கே போவேன். வாரண்டி முழுசாக இருக்கும். நன்றாக விலை இறங்கும் வண்டியைத்தான் மூன்று வயதில் பிடிக்க வேண்டும். முதல் சறுக்கலின் பணம் இன்னொருவர் பாக்கெட்டிலிருந்து போயிருக்கும்.

படி 5: குனிந்து பாருங்கள்

ஒரு நண்பருக்காக 2009 டகோமா ஒன்றைப் பார்க்கப் போனோம். மேலே பளபளப்பு, உள்ளே வாசனைத் திரவியம், ஓடியதும் குறைவு. வண்டியின் சரித்திர அறிக்கையில் பல வருடம் ஒஹாயோ பதிவு என்று இருந்தது. வடக்கு மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். நான் அட்டையைத் தரையில் விரித்துப் படுத்து, டார்ச் அடித்துப் பின் சக்கரத்துக்கு மேலே, லீஃப் ஸ்பிரிங் (வில் தகடு) ஃபிரேமோடு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தோடு, சேரும் இடத்தைப் பார்த்தேன். புதிதாகக் கருப்புப் பெயிண்ட். ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டினால் 'டங்' என்று வர வேண்டும். 'டொப்' என்றது. நுனியை லேசாக அழுத்தினேன், வடாம் நொறுங்குவது போல உள்ளே போய்விட்டது. "மேலாகக் கொஞ்சம் துரு" என்றார் விற்கிறவர். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

துரு, டகோமாவின் பழைய வியாதி. 1995 முதல் 2000 வரையிலான வண்டிகளில் ஃபிரேம் இற்றுப்போனவற்றை, 2008இல் டொயோட்டாவே ப்ளூ புக் மதிப்புக்கு ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. 2005 முதல் 2010 வரையிலான டகோமாக்களும் வேறு இரண்டு மாடல்களும் சேர்ந்த வழக்கில், 2016இல் சுமார் 340 கோடி டாலர் மதிப்புள்ள சமரசம் வந்தது; பல வண்டிகளுக்கு ஃபிரேமையே மாற்றிக் கொடுத்தார்கள். அதனால் அந்த வருடத்து வண்டி என்றால் "ஃபிரேம் மாற்றிய பில் இருக்கிறதா?" என்பதே என் முதல் கேள்வி. இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

மற்றவை சுருக்கமாக. டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) 'சால்வேஜ்' (பெரிய சேதம் அடைந்தது) அல்லது 'ரீபில்ட்' (அப்படிச் சேதமானதைச் சரிசெய்தது) என்று இருந்தால், மேலே போட்ட கணக்கு எதுவும் பொருந்தாது. ஆயிரக்கணக்கில் செலவழித்து உயரம் ஏற்றிய வண்டிக்கு அந்தச் செலவு திரும்பி வராது. வாங்க வருகிறவர்தான் குறைவார். முதல் தலைமுறையின் 3.4 லிட்டர் வி6க்கு 90,000 மைலில் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும், மாற்றிய ரசீதைக் கேளுங்கள்.

படி 6: எந்தக் காலத்து விலை என்று பாருங்கள்

சிப் தட்டுப்பாட்டின்போது, 2021க்கும் 2022 தொடக்கத்துக்கும் இடையில், அமெரிக்காவில் பழைய வாகன விலை ஒரே வருடத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. அந்தச் சமயத்தில் எழுதப்பட்ட ரீசேல் சதவீதங்களை இன்றைக்கு எடுத்துக்கொண்டு பேசாதீர்கள். தேதி இல்லாத சதவீதம் எனக்கு வேண்டவே வேண்டாம்.

படி 7: விற்கும்போது வரியையும் சேருங்கள்

டீலர் டிரேட்-இன்னாக 27,500 தருகிறார், வெளியாள் 29,500 தருகிறார் என்று வைப்போம். 2,000 வித்தியாசம் என்று தோன்றும். டெக்சஸில் பழசைக் கொடுத்துப் புதுசு எடுத்தால் மீதித் தொகைக்கு மட்டும்தான் வரி. 27,500க்கு 6.25 சதவீதம் 1,718 டாலர் 75 சென்ட். அப்படியானால் டீலர் தருவது நடைமுறையில் 29,219. வெறும் 281 டாலருக்காகப் பத்து அந்நியர்களுக்கு வண்டி ஓட்டிக் காட்ட எனக்குப் பொறுமை இல்லை. கலிஃபோர்னியாவில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே இருந்தால் நானும் வெளியாளுக்குத்தான் விற்பேன்.

வெளியாளுக்கு விற்றால், டெக்சஸில் வாங்குகிறவர் கட்டும் வரிக்கு ஒரு அடிமட்டம் உண்டு: கொடுத்த விலை, அல்லது அரசு வைத்திருக்கும் மதிப்பில் 80 சதவீதம், எது அதிகமோ அது. "ரசீதில் குறைத்துப் போடுங்கள்" என்று கேட்கிறவரிடம் இதைச் சொன்னால் பேச்சு முடிந்தது. பிறகு அவரோடு நீங்களும் கவுன்டி வரி அலுவலகத்துக்குப் போய், உங்கள் கண் முன்னாலேயே டைட்டில் பெயரை மாற்றிவிடுங்கள். வாகனத் துறைக்கு விற்ற தகவலையும் அன்றே அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் கட்டாத டோல் பில் உங்கள் வீட்டுக்கு வரும். நம்பர் பிளேட்டையும் கழற்றிக்கொள்ள வேண்டும். அதே ஸ்குரூடிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.