மார்கழி இரவில் டிக்கன்ஸின் பேய்க்கதை: பிள்ளைகளுக்கு வாசிப்போர் செய்யும் தவறுகள்

சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்மஸ் கேரல்’ 1843 டிசம்பர் 19 அன்று லண்டனில் வெளிவந்தது. பெயரில் கிறிஸ்மஸ், உள்ளே நாலு பேய். செத்து ஏழு வருஷமான வியாபாரக் கூட்டாளி மார்லி முதலில் வந்து கஞ்சன் ஸ்குரூஜை எச்சரிக்கிறான். அவனுக்குப் பின்னால், போன, இன்றைய, வரப்போகும் கிறிஸ்மஸைக் காட்ட ஒருவர் பின் ஒருவராக மூவர். ராமேஸ்வரம் தீவில் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வாடைக்காற்று ஓட்டைத் தட்டுகிற அரையாண்டு லீவு இரவுகளுக்கு இது தோதான புத்தகம்தான். வாசிக்கிற முறையில்தான் பலர் கெடுத்துவிடுகிறார்கள்.

முதல் சிக்கல் சொல்லில். ‘பேய்’ என்றாலே பிடிக்கும், ஆட்டும், விரட்ட வேண்டும் என்றுதான் நம் பிள்ளைகள் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். சரி, ‘ஆவி’ என்று மாற்றினால் மாதா கோயிலுக்குப் போகும் பிள்ளை ‘தூய ஆவியா?’ என்று கேட்கும். மார்லியைப் பேய் என்றே சொல்லுங்கள், ஆனால் தொடங்கும் முன்பே ‘இது பிடிக்கிற பேய் இல்லை, பேச வந்த பேய்’ என்று சொல்லிவிடுங்கள். மற்ற மூவரை ‘வந்தவர்’ என்றாலே போதும்.

மார்லி தன் தலையைச் சுற்றியிருக்கும் துணியை அவிழ்ப்பான். தாடை நெஞ்சுவரை தொங்கிவிடும். துஷ்டி வீட்டில், செத்தவரின் வாய் திறக்காமல் துணியால் கட்டும் நாடிக்கட்டைப் பார்த்த பிள்ளைக்கு இது கற்பனையாகத் தெரியாது. அந்த வருஷம் வீட்டில் சாவு விழுந்திருந்தால் இந்த இரண்டு வரியைத் தாண்டிப் போங்கள், கதைக்கு ஒரு குறையும் வராது. அவன் இழுத்து வரும் சங்கிலியை மட்டும் விடாதீர்கள். அதில் கோத்திருப்பவை பணப்பெட்டி, சாவி, பூட்டு, கணக்குப் புத்தகம். வட்டிக்கணக்கு நோட்டைப் பார்த்திருக்கும் பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாம். சத்தம் வேண்டுமென்றால் ஒரு சாவிக்கொத்தை அவர்கள் கண்முன்னே சிமெண்ட் தரையில் மெதுவாக இழுங்கள். முதுகுக்குப் பின்னால் திடீரென்று குலுக்கினால் சின்னது அழும், பெரியது சிரிக்கும், கதை அங்கேயே போய்விடும். விளக்கை அணைப்பதும் அதே ரகம். மழைக்குக் கரண்ட் தானாகவே போகும், டார்ச் பக்கத்தில் இருக்கட்டும்.

அடுத்தது பெரிய தவறு: உள்ளூர் மசாலா சேர்ப்பது. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடி அழிந்ததும் பயணிகளோடு ரயில் கடலுக்குள் போனதும் இதே கிறிஸ்மஸ் வாரத்தில் நடந்தவை. ‘அங்கே இப்பவும் ராத்திரி ரயில் சத்தம் கேக்குமாம்’ என்று நடுவில் சொருகுவார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் பாட்டி அதில் தன் ஆட்களைப் பறிகொடுத்தவராக இருக்கலாம். அப்பா மீன்பிடி அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போயிருக்கும் இரவில் காற்றைக் காட்டிப் பயமுறுத்துவதும் கூடாது.

கடல் வேண்டுமென்றால் அது புத்தகத்திலேயே இருக்கிறது. மூன்றாம் பகுதியில், இரண்டாவதாக வந்தவர் ஸ்குரூஜைக் கரையைத் தாண்டிக் கூட்டிப் போவார். அலை மோதும் பாறைமேல் ஒரு லைட் ஹவுஸ். காவலிருக்கும் இரண்டு பேர் சொரசொரப்பான மேசைக்கு மேலே கைகோத்து வாழ்த்துச் சொல்வார்கள், மூத்தவர் பாடத் தொடங்குவார். பிறகு நடுக்கடலில் ஒரு கப்பல். சுக்கான் பிடித்தவரும் கப்பலின் முன்முனையில் காவல் நிற்பவரும் ஆளுக்கொரு கிறிஸ்மஸ் பாட்டை முணுமுணுப்பார்கள், வீட்டை நினைப்பார்கள். சுருக்கப் பதிப்புகள் பெரும்பாலும் முதலில் வெட்டுவது இந்தப் பக்கங்களைத்தான். பாம்பன் லைட் ஹவுஸ் வெளிச்சம் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இதை விட்டுவிட்டு வேறு எதை வாசிப்பது? முழுப் பதிப்பில் தேடி எடுத்து, ஒரு தடவை நீங்களே தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு உட்காருங்கள். இங்கிலீஷ் வரியைப் படித்து, நிறுத்தி, மொழிபெயர்த்து, மறுபடி படித்தால் பத்து நிமிஷத்தில் கூட்டம் கலைந்துவிடும். ஸ்குரூஜ் எரிந்து விழும் இடத்தில் ‘போ, சோலியப் பாரு’ என்றால் ஆள் எப்படிப்பட்டவன் என்பது விளங்கிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசிக்கவும் வேண்டாம். 1853 டிசம்பர் 27 அன்று பர்மிங்காமில் டிக்கன்ஸே மேடையில் வாசித்தபோது ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆனது. பின்னாளில் தன் கதையைத் தானே வெட்டிப் பாதியாக்கிக்கொண்டார். நீங்களும் இரண்டாம் பகுதியின் விருந்து, ஆட்டம் எல்லாவற்றையும் சுருக்கலாம்.

ஐந்து பகுதிக்கு நாலு இரவு என்று வையுங்கள். முதல் இரவை மார்லி வரும் இடத்தில் நிறுத்தாதீர்கள், ஸ்குரூஜ் தூங்கிப்போகும் வரை போங்கள். நாலாம் பகுதியை ஒருபோதும் தனியாக வாசிக்காதீர்கள். மூன்றாவதாக வரும் கறுப்பு அங்கிக்காரர் வாயே திறக்காமல் கையை மட்டும் நீட்டுவார், கல்லறைக் கல்லில் ஸ்குரூஜின் பெயர் இருக்கும், ஸ்குரூஜின் குமாஸ்தாவுடைய நோயாளிப் பிள்ளை குட்டி டிம் செத்துவிட்டதாகக் காட்டும். கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று மெழுகுவர்த்தி ஏற்றக் கல்லறைக்குப் போய்வரும் பிள்ளைகள் கல்லறைக்கு அவ்வளவாகப் பயப்பட மாட்டார்கள், டிம்முக்குத்தான் அழுவார்கள். அவன் சாகவில்லை என்பது ஐந்தாம் பகுதியில்தான் வரும், அதுதான் இருப்பதில் சின்னது. கடைசி இரவு மட்டும் ஏழு மணிக்கே தொடங்கி இரண்டையும் சேர்த்து முடித்துவிட்டுப் படுக்க அனுப்புங்கள்.