கோல்ஃப் ஸ்விங்கில் உடலைத் திருப்பும் முறை: இடுப்பு முன்னே, தோள் பின்னே

ரேஞ்சில், அதாவது கோல்ஃப் பயிற்சித் திடலில், அடிப்பவர்களைச் சற்றுத் தள்ளி நின்று கவனித்தால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரும். பந்து வலப்பக்கம் வளைந்து போகிறது. அடுத்த பந்தை இன்னும் பலமாக அடிக்கிறார். அது இன்னும் அதிகமாக வளைகிறது. மட்டையை வீசும் அசைவான ஸ்விங்கின் உச்சியிலிருந்து தோளை முதலில் சுழற்றினால், கிளப் எனப்படும் மட்டை வெளிப்பக்கத்திலிருந்து வந்து பந்தைக் குறுக்காக உள்பக்கம் இழுக்கும். கிளப் போகும் பாதையைவிட அதன் முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும் ஸ்லைஸ்தான். இந்த நிலையில் பலத்தைக் கூட்டினால் தோள்தான் இன்னும் சீக்கிரம் பாயும்.

இதற்கு மருந்து, உடல் திரும்பும் வரிசையைச் சரிசெய்வது. கிளப் கீழிறங்கும்போது முதலில் இடது கால், பிறகு இடுப்பு, அதன் பின் மார்பு, கை, கடைசியாகக் கிளப். "இன்னும் நன்றாகத் திரும்புங்கள்" என்ற அறிவுரையைக் கேட்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சுழற்றுகிறவர்களே அதிகம். எவ்வளவு திரும்புகிறோம் என்பதைவிட எது முதலில் திரும்புகிறது என்பதில்தான் தூரமும் நேரும் அடங்கியிருக்கின்றன. கீழே சொல்வதெல்லாம் வலக்கை ஆட்டக்காரர்களுக்கு. இடக்கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் மூட்டுகளைச் சோதியுங்கள்

கீழ்முதுகின் ஐந்து முள்ளெலும்புகளும் குனிந்து நிமிர்வதற்காக அமைந்தவை. ஐந்தும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 டிகிரிதான் திரும்பும். ஸ்விங்குக்கு வேண்டிய திருப்பம் மேல்முதுகிலிருந்தும் இடுப்பு மூட்டுகளிலிருந்தும் வர வேண்டும். நாள் முழுதும் மேசை முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு இவை இரண்டும்தான் முதலில் இறுகுகின்றன. அவை திரும்ப மறுக்கும்போது கீழ்முதுகு தன் சக்திக்கு மீறித் திரும்பப் பார்க்கிறது. விளையாடிய மறுநாள் முதுகு பிடித்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

வீட்டில் சதுர ஓடு பதித்த தரை இருந்தால் அதுவே அளவுகோல். நாற்காலியை ஓட்டுக் கோட்டுக்கு நேராகப் போட்டு, முழங்கால்களைச் சேர்த்து உட்காருங்கள். விளக்குமாற்றுக் கட்டையை மார்புக்குக் குறுக்கே வைத்து, இரு கைகளையும் குறுக்காகக் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். முழங்கால் அசையாமல் மார்பை மட்டும் வலப்பக்கம் திருப்புங்கள். ஓட்டின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போகும் கோடு 45 டிகிரி. கட்டை அந்தக் கோட்டுக்கு இணையாக வந்தால் மேல்முதுகு போதுமான அளவு திரும்புகிறது. இடப்பக்கமும் பாருங்கள்.

குறைவாக இருந்தால், பக்கவாட்டில் படுத்து முழங்கால்களை மடக்கி, மேலே இருக்கும் கையை மெதுவாகத் தூக்கிப் பின்பக்கத் தரையை நோக்கிக் கொண்டுபோங்கள். மூச்சை விட்டபடி, பக்கத்துக்கு எட்டு முறை. தினமும் செய்தால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது இடது இடுப்பு மூட்டு. அதே நாற்காலியில் உட்கார்ந்து, இடது தொடையை அசைக்காமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் கொண்டுபோங்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள கால் 35 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் நல்லது. 20 டிகிரியிலேயே முட்டிக்கொண்டு நின்றால், பந்தை அடிக்கும் நேரத்தில் உங்கள் இடுப்பும் அப்படித்தான் நின்றுவிடும். அதை நிற்கும் முறையிலேயே ஈடுகட்டலாம்.

நிற்பது

நடுத்தரத் தூரத்துக்கான கிளப்பான 7 அயர்னுக்குக் குதிகால்களுக்கு இடையே தோள் அகலம் போதும். மிக நீளமான கிளப்பான டிரைவருக்கு ஒரு பாத அகலம் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அகட்டினால் இடுப்பு திரும்பாமல் பக்கவாட்டில் நழுவத் தொடங்கும். இடது பாதத்தின் விரல்களை இலக்குப் பக்கம் 20 முதல் 30 டிகிரி திருப்பி வையுங்கள். மேற்சொன்ன சோதனையில் இடது இடுப்பு இறுகியிருந்தவர்களுக்கு இது கட்டாயம். பேக்ஸ்விங்கில், அதாவது கிளப்பைப் பின்னால் உயர்த்தும்போது, திரும்பச் சிரமப்படுபவர்கள் வலது பாதத்தையும் 10, 15 டிகிரி வெளியே திருப்பலாம்.

குனிவது இடுப்பு மூட்டிலிருந்து இருக்கட்டும். கூன் போட்டு நின்றால் மேல்முதுகு பூட்டிக்கொள்ளும். கூனி உட்கார்ந்து ஒருமுறை, நிமிர்ந்து உட்கார்ந்து ஒருமுறை பின்னால் திரும்பிப் பாருங்கள், புரிந்துவிடும். எடை பாதத்தின் நடுவில்.

மேலே போகும்போது

வலது பின்புறம் (பிட்டம்) பின்னோக்கிப் போக வேண்டும், இடது தோள் பந்தை நோக்கிக் கீழிறங்க வேண்டும். பேக்ஸ்விங்குக்கு இந்த இரண்டும் போதும். தயிர் கடையும் மத்து இடம் மாறாமல் சுழல்வதைப் போல, சாய்ந்த முதுகெலும்பைச் சுற்றி மார்பு திரும்பட்டும். தோள் தரைக்கு இணையாகத் திரும்பினால் உடல் நிமிர்ந்துவிடும். பிறகு பந்தைத் தொட மறுபடி குனிய வேண்டிவரும். பந்தின் மேல்பகுதியில் படும் டாப், பந்துக்கு முன்பே தரையில் படும் ஃபேட் இரண்டும் இதிலிருந்து பிறக்கின்றன.

வலது முழங்காலை முதலில் இருந்த அளவே மடக்கி வைத்திருக்க வேண்டும் என்று பலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள். அது வேண்டாம். முழங்கால் கொஞ்சம் நிமிர்ந்தால்தான் வலது இடுப்பு பின்னே போக இடம் கிடைக்கும். முழுதாக விறைத்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். எடை வலது குதிகாலின் உள்பக்கத்தில் தங்க வேண்டும். பாதத்தின் வெளிவிளிம்புக்குப் போனால் உடல் நழுவிவிட்டது என்று பொருள்.

உச்சியில் தோள் சுமார் 90 டிகிரி, இடுப்பு சுமார் 45 டிகிரி என்பது தொழில்முறை ஆட்டக்காரர்களின் கணக்கு. இந்த வேறுபாட்டை 'எக்ஸ் ஃபாக்டர்' என்பார்கள். 1990களில் இந்தச் சொல் பரவியபோது, இடுப்பை இறுக்கிப் பிடித்துத் தோளை மட்டும் திருப்பும் பழக்கமும் சேர்ந்து பரவியது. நாற்பது வயதைக் கடந்த வார இறுதி ஆட்டக்காரருக்கு அது ஆகாத வேலை. இடுப்பு 50, 55 டிகிரி போனாலும் போகட்டும், தோள் 80 டிகிரியோடு நின்றாலும் நிற்கட்டும். திரும்ப முடியவில்லை என்றால் இடது குதிகால் தரையைவிட்டு எழும்பத் தடை போடாதீர்கள். கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளான மேஜர்களில் 18 பட்டங்கள் வென்ற ஜாக் நிக்லாஸ் டிரைவர் அடிக்கும்போது இடது குதிகாலை நன்றாகவே தூக்கினார்.

இதைப் பழகச் சுவர் ஒன்று போதும். பின்புறத்துக்கும் சுவருக்கும் இரண்டு விரல் இடைவெளி விட்டு, கோல்ஃப் ஆடும் நிலையில் குனிந்து நில்லுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு பேக்ஸ்விங் திரும்புங்கள்: வலது பின்புறம் சுவரைத் தொட வேண்டும். கீழிறங்கும் டவுன்ஸ்விங் திரும்புங்கள்: தொடுவது வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற வேண்டும். முடிவில் இடது பின்புறம் சுவரில் பதிந்திருக்கும். நடுவில் இரண்டுமே சுவரைவிட்டு விலகினால் இடுப்பு பந்தை நோக்கி முன்னே வருகிறது. மெதுவாக, ஒரு வேளைக்கு 20 முறை.

திரும்பி வரும் கணம்

பயிற்சியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குப் பேக்ஸ்விங் முக்கால் விநாடி, டவுன்ஸ்விங் கால் விநாடி அளவுக்கு நீடிக்கும். அந்தக் கால் விநாடிக்குள் யோசித்து எதையும் மாற்ற முடியாது. ஆகவே மாற்றம் பேக்ஸ்விங் முடிவதற்குள்ளேயே தொடங்கிவிட வேண்டும். கிளப் இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே அழுத்தம் இடது பாதத்துக்குத் திரும்பத் தொடங்கியிருக்கும். தோள் மேலும் திரும்புகிறது, இடுப்பு எதிர்ப்பக்கம் புறப்படுகிறது. வயிற்றின் பக்கத்தசைகளில் ஓர் இழுவை தெரியும். அந்த இழுவைதான் வேகத்தின் ஊற்று.

இதை உடலுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி: 7 அயர்னோடு இரு பாதங்களையும் சேர்த்து நில்லுங்கள். பந்து வேண்டாம். பேக்ஸ்விங்கைத் தொடங்கி, கிளப் இடுப்பு உயரத்தைத் தாண்டியதும் இடது காலை இலக்குப் பக்கம் எடுத்து வைத்து ஊன்றுங்கள். கால் ஊன்றும்போது கிளப் இன்னும் மேலே போய்க்கொண்டிருக்க வேண்டும். ஊன்றிய பிறகுதான் கீழே வர வேண்டும். முதல் சில முறை கிளப் உச்சியில் நின்று காலுக்காகக் காத்திருக்கும். அப்படி நின்றால் பயன் இல்லை. நடைபோல ஒரே ஓட்டமாக வரும்வரை செய்யுங்கள், பிறகு டீ எனப்படும் சிறு முளையில் பந்தை வைத்துப் பாதி வேகத்தில் அடியுங்கள்.

இன்னொரு குறிப்பும் பலருக்குக் கைகொடுக்கும்: இடுப்பு புறப்பட்ட பிறகும் முதுகு இலக்கைப் பார்த்தபடியே ஒரு கணம் கூடுதலாக இருக்கட்டும். தோளில் தொடங்கும் பழக்கத்தை இது நேரடியாக முறிக்கும்.

பந்தைத் தொடும் கணத்தில் இடுப்பு இலக்கை நோக்கிச் சுமார் 40 டிகிரி திறந்திருக்கும், மார்பு அதைவிடக் குறைவாகத் திறந்திருக்கும். உடல் எடையில் ஏறக்குறைய 80 விழுக்காடு இடது காலில் இருக்கும். மடங்கியிருந்த இடது கால் நிமிர்ந்து தரையைத் தள்ளுவதால்தான் இடது இடுப்பு பின்னே போய், திருப்பத்துக்கு வழிவிடுகிறது. கடைசியில் தொப்புள் இலக்கைப் பார்க்க வேண்டும், வலது பாதத்தின் நுனி மட்டும் தரையில் இருக்க வேண்டும். அந்த நிலையில் மூன்று விநாடி தள்ளாடாமல் நிற்க முடிந்தால் சரி.

பந்து வலப்பக்கம் நேராகவே புறப்பட்டுப் போனாலோ, இடப்பக்கம் வெடுக்கென வளையும் ஹூக் விழுந்தாலோ நோய் வேறு: இடுப்பு மிக வேகமாகப் போய்விட்டது, கைகள் பின்னால் சிக்கிக்கொண்டன. சுழற்சிதான் எல்லாம் என்று கேட்டுவிட்டு வெறித்தனமாக இடுப்பைச் சுற்றுபவர்களுக்கு இது வரும். அவர்கள் இடுப்பை நிறுத்தத் தேவையில்லை, மார்பும் கூடவே தொடர்ந்து திரும்பினால் கை வந்து சேர்ந்துவிடும்.

சிங்கப்பூரின் செந்தோசாவில் வழக்கமாக ஆண்டின் தொடக்க மாதங்களில் நடக்கும் எச்எஸ்பிசி மகளிர் கோல்ஃப் போட்டியை நேரில் பார்க்க முடிந்தால் தவறவிடாதீர்கள். ஆண்களின் கைபலம் இல்லாமலே அந்த ஆட்டக்காரர்கள் பந்தை எவ்வளவு தூரம் அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். முதல் அடி அடிக்கும் டீ மேடையில் அவர்களுக்கு நேர் எதிரே நின்று இடது இடுப்பை மட்டும் கவனியுங்கள், பந்தைத் தொடர வேண்டாம்.

பழகும் இடம்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கூரை உயரம் 2.6 மீட்டர் அளவுதான், மின்விசிறி அதற்கும் கீழே. வீட்டுக்குள் கிளப்பை வீசவே வேண்டாம். துணி காயப்போடும் மூங்கில் கழியும் நீளம் அதிகம். கைகளைக் கட்டிக்கொண்டு செய்யும் சுவர்ப் பயிற்சிக்கு ஒரு சதுர மீட்டர் இடம் போதும்.

ரேஞ்சில் ஒரு வாளியில் 50 பந்து இருந்தால், முதல் 15 பந்தைக் கால் எடுத்து வைக்கும் பயிற்சிக்கும், அடுத்த 20 பந்தை 7 அயர்னில் முக்கால் வேகத்துக்கும் ஒதுக்குங்கள். டிரைவருக்கு 10 போதும். மீதி ஐந்தை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இலக்கு வைத்து அடியுங்கள். ரேஞ்சின் செயற்கைப் பாய் ஒரு பொய் சொல்லும்: பந்துக்குப் பின்னால் பட்டாலும் கிளப் பாயில் வழுக்கிப் பந்தை எடுத்துக்கொண்டு போய்விடும். உடல் வலக்காலிலேயே தங்கிவிட்டது உங்களுக்குத் தெரியாது. அதனால் ஒரு குட்மார்னிங் துண்டை (மெல்லிய சிறு கைத்துண்டை) மடித்துத் தட்டையாக்கி, பந்துக்கு 10 சென்டிமீட்டர் பின்னால் வையுங்கள். கிளப் துண்டைத் தொட்டால் எடை இடக்காலுக்கு வந்து சேரவில்லை.

நம் ஊர்ப் புழுக்கத்தில் கையுறை சீக்கிரமே நனைந்துவிடும். பிடி வழுக்கினால் கைகள் தாமாக இறுகும், இறுகிய கை தோளையும் இழுத்துக்கொண்டு முதலில் பாயும். இரண்டு கையுறை எடுத்துப்போய் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் ஆடப் போகும்போது இன்னொரு கவனம் தேவை. உட்லண்ட்ஸ் கடற்பாலத்து நெரிசலில் காருக்குள் உட்கார்ந்திருந்த இடுப்பை நேராக முதல் டீக்குக் கொண்டுபோகாதீர்கள். கார் நிறுத்துமிடத்திலேயே ஐந்து நிமிடம் போதும்: தூணைப் பிடித்து ஒற்றைக் காலை முன்னும் பின்னும் 10 முறை வீசுங்கள், குறுக்கே 10 முறை, பிறகு தோளுக்குக் குறுக்கே கிளப்பை வைத்து மெதுவாகத் திரும்புங்கள். திரும்பும்போது கீழ்முதுகில் குத்தும் வலி வந்தாலோ, வலி காலுக்கு இறங்கினாலோ, அன்று ஆட வேண்டாம். மருத்துவரையோ உடலியக்கச் சிகிச்சையாளரையோ பாருங்கள்.

திடலில் மழை பெய்து ஓய்ந்த பிறகு பசும்புல் தரை ஈரமாக இருக்கும். அப்போது ஓர் அயர்ன் அடித்துவிட்டுத் தரையைப் பாருங்கள். பெயர்ந்த புல்லின் தடம் பந்து இருந்த இடத்துக்கு முன்னால் தொடங்கி இலக்கை நோக்கிப் போனால் வரிசை சரி. தடம் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் தோள் முந்துகிறது, பந்துக்குப் பின்னால் ஆழமாகத் தொடங்கினால் எடை வலக்காலில் தங்கியிருக்கிறது. பெயர்ந்த புல்லை எடுத்து அதே இடத்தில் வைத்து மிதித்துவிட்டு, அடுத்த அடிக்கு நகருங்கள்.