கல்லூரிக் குழுக்களைத் திருத்தி அமைப்பது எப்படி? முதல் முறை பொறுப்பேற்பவர்களுக்கு

வேலூர்ப் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில் திட்டமிடல் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறதா? கூடவே ஒரு சர்க்குலரும் வந்திருக்கும். அதில் இருபது குழுக்களின் பெயர் இருக்கும். எதைப் பார்த்தாலும் அதே ஏழெட்டு ஆசிரியர்கள்தான் இருப்பார்கள். எங்கே தொடங்குவது என்று நான் செய்து பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் லேப் டெக்னீஷியன் டிப்ளமாவுக்கு இன்னொரு பிரிவு சேர்க்கலாம் என்று பாடத்திட்டக் குழு மே மாதம் தீர்மானம் போட்டது. நிதிக் குழு பட்ஜெட்டை மார்ச்சிலேயே முடித்துவிட்டது. கொள்முதல் குழுவுக்கு அந்தத் தீர்மானம் போய்ச் சேரவே இல்லை. பிள்ளைகள் ஒரு செமஸ்டர் முழுக்க நுண்ணோக்கிக்காக வரிசையில் நின்றார்கள். மூன்று குழுக்களும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிதான் இல்லை. அந்த வழியைப் போடுவதற்காகத்தான் இத்தனை பாடும்.

படி 1: இருப்பதை எழுதுங்கள்

ஒரு சார்ட் தாளை எடுத்து எல்லாக் குழுக்களையும் எழுதுங்கள். பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: கடைசியாக எப்போது கூடியது, என்ன தீர்மானித்தது, அது நடந்ததா. ஆளைக் கேட்டு நிரப்ப வேண்டாம், மினிட்ஸ் நோட்டை வாங்கிப் பார்த்து நிரப்புங்கள். நோட்டே இல்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அந்த வெற்றிடத்தைப் பார்த்தாலே முதல்வருக்குப் புரிந்துவிடும்.

படி 2: தொடக் கூடாதவற்றைத் தனியே வையுங்கள்

புதியவர்கள் தவறுவது இங்கேதான். பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகப் புகார்க் குழு 2013 சட்டப்படி அமைவது. அதன் தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும்; உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும்; வெளியிலிருந்தும் ஒருவர் வர வேண்டும். ராகிங் தடுப்புக் குழு யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2009 விதிகளின்படி அமைவது. பெற்றோர், மாணவர்களோடு காவல் துறை, அரசு நிர்வாகப் பிரதிநிதிகளும் அதில் உண்டு. மாணவர் குறைதீர்க் குழுவுக்கு 2023 விதிகள் இருக்கின்றன. ஆள் பற்றாக்குறையைச் சொல்லி இவற்றை ஒன்றாகக் கலக்கக் கூடாது. அச்சத்தோடு புகார் சொல்ல வரும் ஒரு மாணவி, விளையாட்டு விழாவுக்குப் பந்தல் போடுவதைப் பேசும் கூட்டத்தில் உட்கார முடியுமா?

இன்னொன்று. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. உங்கள் கல்லூரி ஆற்காட்டிலோ வாணியம்பாடியிலோ இருந்து, ராகிங் தடுப்புக் குழுவின் உறுப்பினர் பட்டியலில் இன்னும் வேலூர் அதிகாரிகளின் பதவிகளே இருந்தால், முறையே ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாற்றுங்கள்.

படி 3: மீதியை முடிவுகளின்படி சேருங்கள்

"இந்தக் குழு எதை முடிவு செய்கிறது?" என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் கேளுங்கள். பதில் வராதவை பெரும்பாலும் விழா ஏற்பாடுகள். அவற்றை வேலைப் பட்டியலாக்கி, விழா முடிந்ததும் கலைத்துவிடலாம். மற்றவற்றை மூன்றாக்குங்கள்: பாடமும் பயிற்சியும், மாணவர் நலன், பணமும் பொருளும். மூன்றின் கன்வீனர்களோடு முதல்வர், அலுவலகக் கண்காணிப்பாளர், உள் தர உறுதி மையத்தின் (கல்லூரியின் தரத்தைக் கவனிக்கும் உள் அமைப்பின்) ஒருங்கிணைப்பாளர் ஆகியோரைச் சேர்த்தால் திட்டக் குழு தயார். கண்காணிப்பாளரை விட்டுவிடாதீர்கள். எந்தக் கணக்குத் தலைப்பில் பணம் மீதி இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

படி 4: ஆட்கள்

ஒருவருக்கு இரண்டு குழுக்களுக்கு மேல் வேண்டாம். அப்புறம், வெளியாட்கள். நம் நாட்டின் முதல் சமுதாயக் கல்லூரி 1995-ல் புதுச்சேரியில் தொடங்கியதிலிருந்தே, உள்ளூர் வேலைக்கு உள்ளூர்ப் பிள்ளைகளைத் தயார் செய்வதுதான் இந்தக் கல்லூரிகளின் வேலை. ஆகவே பாடக் குழுவில் ஆம்பூர் ஷூ கம்பெனி சூப்பர்வைசர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக்காரர், வேலூர் மருத்துவமனை ஒன்றின் லேப் பொறுப்பாளர் என்று வேலை கொடுப்பவர்களை உட்கார வையுங்கள். எந்த மெஷின் பழசாகிவிட்டது என்பதை அவர்கள் பத்தே நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

மாணவர் பிரதிநிதிகள் இருக்கும் கூட்டத்தை மாலை 4 மணிக்கு வைக்காதீர்கள். குடியாத்தம், அணைக்கட்டு பிள்ளைகளுக்கு அது பஸ் பிடிக்கும் நேரம்; அரக்கோணம் பிள்ளைகள் காட்பாடி ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும். மதிய இடைவேளையை ஒட்டி வையுங்கள்.

படி 5: நாட்காட்டி

நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது, வகுப்புகள் ஜூன் வாக்கில். எனவே பின்னோக்கி எண்ணுங்கள். துறைகளின் தேவைகள் தீபாவளி முடிந்ததும் வர வேண்டும். பொங்கலுக்கு முன் திட்டக் குழு அவற்றை வரிசைப்படுத்த வேண்டும். பிப்ரவரியில் பட்ஜெட். மே மாதத்துக்குள் பொருள் வந்து இறங்க வேண்டும். புதுப் பிரிவு வேண்டுமென்றாலும் நவம்பரிலேயே கேட்டாக வேண்டும். இந்த ஒரு விதி அப்போதே இருந்திருந்தால், எங்கள் பிள்ளைகள் வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள்.

படி 6: மினிட்ஸ்

ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் யார் செய்வது, எந்தத் தேதிக்குள், எவ்வளவு செலவு, அடுத்து எந்தக் குழுவுக்குப் போகிறது என்று நான்கு விவரங்கள் எழுதுங்கள். கடைசி விவரம் காலியாக இருந்தால் முதல்வர் கையெழுத்துப் போடக் கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தை, முந்தைய பக்கத்தைச் சத்தமாக வாசித்துவிட்டுத் தொடங்குங்கள்.