பழைய ஓவர்டிரைவா, ரீஇஷ்யூவா, புது டிசைனா: எப்படி முடிவு செய்வது?

எலெக்ட்ரிக் கிட்டாரின் சத்தத்தில் உறுமல் சேர்க்கும் ஓவர்டிரைவ் பெடல் தேடுகிற பலரும் முதலில் கேட்பது எந்த வருஷத்துப் பெடல் என்றுதான். என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்க வேண்டியது. முதலில் சர்க்யூட், அடுத்து அது உங்கள் ஆம்ப்போடு (ஆம்ப்ளிஃபையர்) எப்படிச் சேர்கிறது, இந்த இரண்டும் தெரிந்த பிறகு பழசா புதுசா என்பதில் குழப்பம் பெரும்பாலும் இருக்காது.

சந்தையில் நூற்றுக்கணக்கான ஓவர்டிரைவ்கள் இருந்தாலும் பெரும்பாலானவை சில பழைய குடும்பங்களில் அடங்கிவிடும். ஐபனெஸ் ட்யூப் ஸ்க்ரீமர் குடும்பம் சுமார் 720 ஹெர்ட்ஸ் பக்கம் மிட்டைத் (நடு ஸ்தாயி) தூக்கி, பேஸைக் (அடி ஸ்தாயி) கொஞ்சம் வெட்டிவிடும். மிட் குறைவாக இருக்கும் ஃபெண்டர் வகை க்ளீன் ஆம்ப்பில் அது அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடுவதால் அருமையாக இருக்கும், ஆனால் ஏற்கெனவே மிட் நிறைந்த ஆம்ப்பில் அதே பெடல் மூக்கால் பேசுவது போலக் கேட்கலாம். பாஸ் எஸ்டி-1 இதற்கு நெருங்கிய சொந்தம்தான், ஒரு பக்கம் இரண்டு டயோடு, மறுபக்கம் ஒன்று என்று அலையின் இரு பாதிகளையும் வேறு வேறு அளவில் நசுக்குவதால் உறுமல் கொஞ்சம் வேறு மாதிரி வரும். மார்ஷல் ப்ளூஸ்பிரேக்கர் வகையில் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, குறைவு, பிக் அழுத்தத்துக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். க்ளான் வகையில் டிரைவோடு, உறுமல் ஏறாத க்ளீன் சிக்னலும் கலந்தே போகும், அதனால் ஒவ்வொரு நோட்டும் தெளிவாக நிற்கும். உங்கள் ஆம்ப்புக்கு எந்தக் குடும்பம் என்று தெரியாமல் விண்டேஜ் (அந்தக் காலத்திலேயே செய்த) பெடல் வாங்கினால் தப்பான சர்க்யூட்டின் அழகான பிரதி ஒன்று கையில் இருக்கும், அவ்வளவுதான்.

சரி, குடும்பம் முடிவாகிவிட்டது என்றால் ரீஇஷ்யூவிலிருந்து, அதாவது பழைய மாடலைக் கம்பெனியே திரும்பச் செய்யும் பெடலிலிருந்து, தொடங்குங்கள். ட்யூப் ஸ்க்ரீமரின் பழைய மாடலான டிஎஸ்808-க்கும் 1982-இல் வந்த டிஎஸ்9-க்கும் சர்க்யூட்டில் பேசத்தக்க வித்தியாசம் சிக்னல் வெளியேறும் இடத்தில் இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள்தான்: முதலாவதில் 100 ஓம், 10 கிலோ ஓம், இரண்டாவதில் 470 ஓம், 100 கிலோ ஓம். இவ்வளவு எளிய, நன்றாகத் தெரிந்த சர்க்யூட்டைத் திரும்பச் செய்வதில் ரகசியம் எதுவும் இல்லை. உள்ளே சிக்னலைப் பெருக்கும் 4558 சிப் பற்றி எவ்வளவோ பேசுகிறார்கள், ஆனால் அதே மதிப்புள்ள டயோடும் கெப்பாசிட்டரும் சரியான இடத்தில் இருந்தால் சிப்பின் மேல் அச்சிட்ட எழுத்து மாறியதை இசைக்குழு நடுவில் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். எஸ்டி-1 விஷயத்தில் ரீஇஷ்யூ என்ற பேச்சுக்கே இடமில்லை, 1981-லிருந்து இன்றுவரை தொடர்ந்து தயாரிக்கிறார்கள். மார்ஷலும் 2023-இல் தன் பழைய ப்ளூஸ்பிரேக்கரைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. க்ளான் வகையின் மூலமான செண்டார் பெடலை உருவாக்கிய பில் ஃபின்னகனே பிற்பாடு அதே சர்க்யூட்டைச் சின்னப் பெட்டியில் சர்ஃபேஸ் மவுண்ட் எனும் மிகச் சிறிய பாகங்களோடு கேடிஆர் என்று வெளியிட்டார். பாகங்களின் அளவு சிறுத்தால் சத்தம் கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரிப்பேர் கொஞ்சம் சிரமம், அது உண்மை.

அப்படியானால் விண்டேஜ் எதற்கு? உண்மையான காரணங்கள் இருக்கின்றன, ஆனால் எல்லோரும் சொல்லும் காரணம் அல்ல. அந்தக் காலத்துப் பாகங்களுக்கு அளவில் ஏற்ற இறக்கம் உண்டு. ரெசிஸ்டரில் 5 சதவீதம், நாப்பின் அடியில் இருக்கும் பொட்டில் 20 சதவீதம் முன்னே பின்னே இருப்பது சாதாரணம், போதாக்குறைக்கு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் வருஷம் போகப் போகக் காய்ந்து மதிப்பு மாறும். ஆகவே ஒரே மாதம் ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு பெடல்கள்கூட இன்று ஒன்றுபோல் ஒலிக்க வேண்டியதில்லை. விண்டேஜ் சத்தம் என்று பொதுவாக ஒன்று கிடையாது, அந்த ஒரு பெடலின் சத்தம்தான் உண்டு. அதைக் கேட்டு, அது பிடித்து, அதையே வாங்குவது சரி. கேட்காமல் வருஷத்தை நம்பி வாங்குவது சரியில்லை.

பழசு வாங்குவதாக இருந்தால் பின்மூடியைக் கழற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். சால்டர் புள்ளிகள் எல்லாம் ஒரே மாதிரி மங்கி இருக்க வேண்டும். நடுவில் இரண்டு மட்டும் பளபளவென்று, சுற்றிலும் பழுப்புப் பிசுக்கோடு இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பேட்டரி க்ளிப்பில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கசிவு போர்டு வரை போயிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு நாப்பையும் மெதுவாக முழுச் சுற்றுக்குத் திருப்பிக் கரகரப்பு கேளுங்கள், ஜாக்கில் கேபிளைச் செருகி லேசாக ஆட்டுங்கள், ஃபுட்ஸ்விட்சைப் பத்துப் பதினைந்து தடவை மெதுவாக அழுத்துங்கள், ஒரு தடவை விட்டுப்போனாலும் அது விலையில் குறைய வேண்டிய விஷயம். அப்புறம் பவர். பழைய பாஸ் பெடல்களில் ஏசிஏ அடாப்டர் என்று போட்டிருந்தால் அது 12 வோல்ட்டுக்காகச் செய்தது, இன்றைய 9 வோல்ட் சப்ளையைத் தனியாகக் கொடுத்தால் லைட் மங்கி, சத்தமும் சோர்ந்து வரும். டிஎஸ்808 காலத்துப் பழைய ட்யூப் ஸ்க்ரீமர்களில் அடாப்டர் துளையே 3.5 மில்லிமீட்டர் வகை, உங்கள் பெடல்போர்டு கேபிள் நுழையாது. க்ளான் செண்டாரில் போர்டின் மேல் எபாக்சி ஊற்றி மூடியிருப்பார்கள், கெட்டால் திறப்பதே பெரிய வேலை. இன்னொன்று, காய்ந்த கெப்பாசிட்டரை மாற்றினால் வாசிக்க நல்லது, சேகரிப்பவர் கண்ணில் மதிப்பு குறையும். நீங்கள் வாசிப்பவரா சேகரிப்பவரா என்று வாங்குவதற்கு முன்பே தெரிந்திருக்கட்டும்.

புது டிசைன்களுக்குப் போக வேண்டிய நேரம், உங்கள் குறையை நீங்களே வாயால் சொல்ல முடிகிறபோது. "பேஸ் காணாமல் போகிறது" என்றால் தனி பேஸ் நாப்போ க்ளீன் சிக்னலைக் கலக்கும் ப்ளெண்ட் நாப்போ உள்ள பெடல். "சீக்கிரம் நசுங்கிவிடுகிறது" என்றால் 18 வோல்ட் ஏற்கும் பெடல், ஆனால் பெட்டியில் 18 வோல்ட் என்று எழுதியிருந்தால் மட்டும் கொடுங்கள், பழைய பெடலுக்கு ஆசைப்பட்டுக் கொடுத்தால் புகைந்துவிடலாம். கீழே இறக்கி ட்யூன் செய்கிறவர்களுக்கும் பேஸ் கிட்டாருக்கும் பெரும்பாலும் புதியவைதான் கைகொடுக்கும். குறை என்னவென்று சொல்லத் தெரியாதபோது ஆறு நாப், நான்கு ஸ்விட்ச் உள்ள பெடல் வாங்கினால் வாசிக்கும் நேரம் திருகுவதிலேயே போய்விடும்.

ஒப்பிட்டுப் பார்க்கும்போது இரண்டின் சத்த அளவையும் சமமாக வையுங்கள், ஏனென்றால் கொஞ்சம் உரக்கக் கேட்பது எப்போதும் நல்லதாகத் தோன்றும். நாப்புகளை ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட வேண்டாம், பொட் அளவு வேறுபடுவதால் நடுவில் வைத்த டிரைவ் இரண்டு பெடலிலும் ஒன்றல்ல. காதால்தான் சமப்படுத்த வேண்டும். கிட்டாரின் வால்யூமைப் பாதிக்கு இறக்கி, ஆறு கம்பியும் ஒலிக்கும் கார்டு ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். அறையில் தனியாக எரிச்சல் தரும் மிட்தான் டிரம்ஸும் பேஸும் சேரும்போது உங்களைக் கேட்க வைக்கும், அதனால் கூட யாராவது வாசிக்கும்போதோ, குறைந்தபட்சம் ஒரு பேக்கிங் டிராக்கோடோ சோதியுங்கள். இரண்டையும் ரெக்கார்டு செய்து, எது எது என்று தெரியாதபடி நண்பரிடம் கோப்புகளின் பெயரை மாற்றச் சொல்லி, மறுநாள் கேளுங்கள்.