"கிடைக்குமா சார்?" பொறியியல் கலந்தாய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மாலையே என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "சார், பையனுக்குக் கட்-ஆஃப் 191. கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் கிடைக்குமா?" என்று ஒருவர் கேட்பார். அடுத்தவர், "பொண்ணு 185.5 சார், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வருமா?" என்பார். பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவன் என்பதால், ஊரில் பாதிப் பேர் இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். அவர்களுடைய பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளைகள் நல்ல இடத்தை இழப்பது பெரும்பாலும் மார்க் குறைந்ததால் இல்லை. "கிடைக்குமா" என்ற கேள்விக்கு அவர்களே ஒரு பதிலை முடிவுசெய்துகொண்டு, அதை நம்பி, எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுக்கும் விருப்பப் பட்டியலை எழுதுவதால்தான்.

முதலில் கட்-ஆஃப். கணக்கு 100க்கு, இயற்பியல் 50க்கு, வேதியியல் 50க்கு, மொத்தம் 200. கணக்கில் 96, இயற்பியலில் 91, வேதியியலில் 88 என்றால் 96 + 45.5 + 44, அதாவது 185.5. நுழைவுத் தேர்வு 2007 சேர்க்கையிலிருந்தே கிடையாது. இந்த எண்தான் எல்லாம். கணக்கில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் ஒன்று போகும், மற்ற இரண்டிலும் அரைதான் போகும். இதைத் தேர்வுக்கு முன்பே தெரிந்துகொண்ட பிள்ளை, கடைசி விடுமுறை நாட்களை எந்தப் பாடத்துக்குக் கொடுப்பது என்று தானே முடிவுசெய்துகொள்ளும்.

ஆனால் இந்த எண்ணைப் போன வருடத்து எண்ணோடு ஒப்பிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. "போன வருஷம் 192க்கு அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைச்சுது" என்பார்கள். போன வருடம் கணக்குத் தாள் எப்படி இருந்தது, எத்தனை பேர் சென்டம் எடுத்தார்கள்? தாள் எளிதாக வந்த வருடத்தில் 192க்கு முன்னால் நிற்கிறவர்கள் பல மடங்கு கூடிவிடுவார்கள். எனவே மார்க்கை விடுங்கள், ரேங்க்கைப் பிடியுங்கள். தரவரிசைப் பட்டியலில் பொது ரேங்க்கும், உங்கள் சமூகப் பிரிவுக்கான ரேங்க்கும் தனித்தனியாக வரும். போன வருடம் அந்தப் பாடப்பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் ரேங்க் என்ன என்று பாருங்கள். முடிந்தால் இரண்டு மூன்று வருடத்துக்குப் பாருங்கள்.

அதையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு இடங்களின் உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. 2024-25இல் நீக்கியது. அதன் பிறகு பல கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் வகையறாவில் இடங்களைக் கூட்டின. இடம் கூடினால் கடைசி ரேங்க்கும் பின்னால் நகரும். இந்த வருடம் அந்தப் பாடப்பிரிவில் எத்தனை இடங்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் கணிப்புக்கு அர்த்தம் உண்டு.

இட ஒதுக்கீட்டிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. 69 விழுக்காடு ஒதுக்கீடு போக மீதமுள்ள 31 விழுக்காடு பொதுப் போட்டி. அது எந்தச் சமூகத்துக்கும் தனியாக எழுதிவைத்த இடமில்லை, எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்குமானது. "நாங்க பி.சி. சார், எங்களுக்குன்னு ஒதுக்கின 26.5 விழுக்காட்டிலதானே?" என்று கேட்கும் அப்பாக்களிடம் நான் ஒவ்வொரு முறையும் இதைச் சொல்கிறேன். ரேங்க் இருந்தால் முதலில் பொதுப் போட்டி இடம், அது இல்லாதபோதுதான் சமூகப் பிரிவு இடம். அதேபோல, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதன் வழியே சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். அந்தப் பிள்ளைகளின் கடைசி ரேங்க் தனிக் கணக்கு. பொதுப் பட்டியலின் எண்ணைப் பார்த்து மனம் உடைந்து, "நமக்கு எங்கே கிண்டி" என்று அவர்கள் ஒதுங்கிவிடக் கூடாது.

இப்போது விருப்பப் பட்டியல். இந்த ஒன்றுக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பிரவுசிங் சென்டரில் என் மாணவனும் அவன் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கையில் கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். அதில் முதல் வரியில் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய ஒரு தனியார் கல்லூரி. மூன்றாவது வரியில்தான் பையன் ஆசைப்பட்ட, கோவையில் இருக்கும் ஒரு அரசு உதவி பெறும் கல்லூரி. ஏன் இப்படி என்று கேட்டேன். "பெரிய காலேஜை மேலே போட்டு, அது இல்லேன்னு ஆகிட்டா, அதுக்குள்ள இந்த இடமும் போயிடுமே சார்" என்றார். நான் எடுத்துச் சொன்னேன். மாலையில் மாற்றுகிறோம் என்றார்கள். மாற்றவில்லை.

ஒதுக்கீடு வந்தது. பையனுக்கு முதல் வரியில் இருந்த கல்லூரியே கிடைத்தது. அதே வகுப்பில் படித்த இன்னொருவன், அதே பி.சி. பிரிவு, ரேங்க்கில் இவனுக்குப் பின்னால் நின்றவன், கோவைக் கல்லூரியை முதலில் போட்டிருந்தான். இவன் ஆசைப்பட்ட அதே பாடப்பிரிவு அவனுக்குக் கிடைத்தது. இவன் அடுத்த நாள் வந்து, "இப்ப அப்வேர்டு கொடுக்கலாமா சார்?" என்று கேட்டான். கிடைத்த இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே எழுதியது காலியானால் வேண்டும் என்று கேட்பதுதான் அப்வேர்டு. இவன் கொடுக்க முடியாது. கிடைத்ததே முதல் விருப்பம், அதற்கு மேலே போக எதுவும் இல்லை. அந்தப் பையனின் முகம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

அந்த அப்பாவின் பயம் ஏன் தேவையில்லாதது என்று பாருங்கள். கணினி ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுக்கிறது. உங்கள் முறை வரும்போது உங்களுக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோருக்கும் பார்த்து முடித்திருக்கும். அப்போது உங்கள் முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் கொடுக்கும். இல்லையென்றால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. உங்கள் முதல் விருப்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்களுக்குப் பின்னால் நிற்கிற யாரும் உங்கள் மூன்றாவது விருப்பத்தை எடுத்துக்கொண்டு ஓட முடியாது. ஆகவே, கிடைக்காது என்று நினைக்கும் கல்லூரியை மேலே போடுவதால் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. பட்டியலின் வரிசையை ஆசை தீர்மானிக்கட்டும். கணிப்புக்கு அதில் வேலையில்லை. பட்டியல் எவ்வளவு தூரம் கீழே நீள வேண்டும் என்று பார்ப்பதற்குத்தான் கணிப்பு.

கீழே நீளாத பட்டியலும் ஆபத்துதான். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் போடலாம் என்றிருக்க, ஐந்து பெரிய கல்லூரிகளை மட்டும் போட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கலந்தாய்வு சுற்றுச் சுற்றாக நடக்கும், ஐந்தும் கிடைக்காவிட்டால் அந்தச் சுற்று வெறுங்கையாகப் போகும். அடுத்த சுற்றில் மற்றவர்கள் எடுத்தது போக மிச்சம்தான் இருக்கும். உங்கள் ரேங்க்குக்கு நிச்சயம் வரும் என்று தோன்றும் இடத்தையும் தாண்டி இன்னும் பத்துப் பதினைந்து வரிகள் எழுதுங்கள். ஆனால் சேரவே மனமில்லாத எதையும் எழுதாதீர்கள். அப்வேர்டு கொடுத்துவிட்டு மேலே உள்ள ஒன்று காலியானால் உங்களை அங்கே நகர்த்திவிடுவார்கள், கையில் இருந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மேலே போட்ட கல்லூரிக்கே போய்ச் சேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி வேறு, அண்ணா பல்கலைக்கழகம் வேறு. 1794இல் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி.டெக் எனப்படும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி, அப்துல் கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆகிய நான்கும்தான் சென்னையில் பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகள். இவற்றின் கலந்தாய்வு எண்கள் 1 முதல் 4 வரை. பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரிகள் வெளியூர்களில் தனியாக உண்டு. மற்றவை இணைப்புக் கல்லூரிகள். அதோடு, ஒரே கல்லூரிக்குள் ஒரே பாடம் அரசு உதவியோடு ஒன்றும் சுயநிதியில் ஒன்றுமாக இருக்கும். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் வரும். பெயரைப் பார்த்து டிக் அடிக்காமல் கல்லூரி எண்ணையும் பாடப்பிரிவுக் குறியீட்டையும் பார்த்து அடியுங்கள்.

திருச்சி என்.ஐ.டி. இந்தக் கலந்தாய்வில் வராது. அதற்கு அகில இந்திய நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயின் ரேங்க் வேண்டும். அங்கே பாதி இடங்கள் சொந்த மாநிலத்தவருக்கு. எந்த மாநிலத்தில் பிளஸ் டூ முடித்தீர்களோ அதுதான் உங்கள் மாநிலம். நல்ல கோச்சிங் என்று பிள்ளையை ஆந்திராவில் சேர்த்து அங்கேயே பிளஸ் டூ எழுத வைப்பவர்கள் இந்தப் பாதியைக் கையிலிருந்து நழுவ விடுகிறார்கள். இன்னொன்று, நம் மாநில பி.சி. சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் உங்கள் சமூகம் இருக்கிறதா என்று பார்த்து, அந்த வருடம் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய தனிச் சான்றிதழ் வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு தாலுகா ஆபீசுக்கு ஓடினால் நாள் போதாது.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் கலந்தாய்வு இணையதளத்துக்குள் போய் ஏற்கிறேன் என்று உறுதிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இடம் கைநழுவிவிடும். என் மாணவி ஒருத்தி விண்ணப்பத்தில் பிரவுசிங் சென்டர்க்காரரின் போன் எண்ணைக் கொடுத்திருந்தாள். அவர் ஊருக்குப் போய்விட்டார். ஓ.டி.பி. எல்லாம் அவர் போனுக்குப் போய்க்கொண்டிருக்க, இவள் இரண்டு நாள் அந்தக் கடையின் மூடிய ஷட்டர் முன்னால் நின்றாள். விண்ணப்பத்தில் கொடுக்கும் எண், உங்கள் வீட்டில், உங்கள் கையில் இருக்கிற போனுடையதாக இருக்கட்டும். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவையுங்கள்.