மவுண்ட் ஐசாவிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்: 665 கிலோமீட்டரை நம்பி வண்டி எடுக்காதீர்கள்

ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் மவுண்ட் ஐசாவிலிருந்து வடக்குப் பிரதேசத்தின் (நார்தர்ன் டெரிட்டரி) ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வேலை மாறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரி எண், மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு), வங்கி எல்லாம் வேலை தருகிறவர்களே சொல்லிவிடுவார்கள். மாநிலம் மாறியதும் ஓட்டுநர் உரிமத்தையும் மாற்ற வேண்டும், மறந்துவிடாதீர்கள். அவ்வளவுதான்.

தூரத்தைத்தான் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. இணையத்தில் தேடினால் 665 கிலோமீட்டர், விமானத்தில் ஒன்றரை மணி நேரம் என்று வரும். அது நூல் பிடித்த மாதிரி வானத்தில் போட்ட கோடு. நேர் விமானம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் அந்த நாளில் பயணத்தை வையுங்கள். இல்லாவிட்டால், பிரிஸ்பேன் வழி என்றால், கிழக்கே 1,500 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, அங்கிருந்து மேற்கே கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். இணைப்பு விமானம் சரியாக அமையாவிட்டால் ஒரு ராத்திரி அங்கேதான்.

என் நண்பர் ஒருவர், நர்ஸ், அந்த 665-ஐப் பார்த்துவிட்டு, “சென்னை டு கன்னியாகுமரி தானே, ஒரே நாளில் போயிடலாம்” என்று வாடகைக் கார் எடுத்தார். சாலை பார்க்லி நெடுஞ்சாலையில் மேற்கே த்ரீ வேஸ் என்ற சாலைச் சந்திப்பு வரை போய், அங்கே ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் தெற்கே திரும்புகிறது. மொத்தம் சுமார் 1,170 கிலோமீட்டர். பூலியா என்ற ஊர் வழியாகக் குறுக்குப் பாதை ஒன்று உண்டு. அதில் நெடுந்தூரம் மண் ரோடு. சாதாரண வாடகைக் காரை அங்கே இறக்கினால் காப்பீடு செல்லாது.

அவரை மாட்டிவிட்டது ஒப்பந்தத்தின் பொடி எழுத்து. நாளைக்கு 100 கிலோமீட்டர்தான் வாடகையில் சேரும். இரண்டு நாள் வாடகைக்கு 200 போக, மிச்சம் 970 கிலோமீட்டருக்கும் தனியாகக் காசு. வேறு ஊரில் வண்டியை விடுவதற்கு இன்னொரு கட்டணம். அதோடு, ஊருக்கு வெளியே பொழுது சாய்ந்தபின் ஓட்டக் கூடாது என்று ஒரு விதி. அதை அவர் படிக்கவே இல்லை. வழியிலுள்ள டெனன்ட் கிரீக் என்ற ஊருக்கு முன்னால் இருட்டில் ஒரு கங்காரு குறுக்கே பாய்ந்து முன்பக்கம் நசுங்கியது. முழுக் காப்பீடு வாங்கியிருந்தும் ஒரு சென்ட் கிடைக்கவில்லை. கவுன்டரில் சிரித்துச் சிரித்துக் காப்பீட்டை விற்றவர் இந்த விதியைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஆகவே சாவி வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: கிலோமீட்டர் வரம்பு எவ்வளவு, இரவில் ஓட்டலாமா, வேறு ஊரில் விட எவ்வளவு? பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

இரண்டு நாளாகப் போங்கள். விடிந்தபின் கிளம்பி, டெனன்ட் கிரீக்கில் தங்கி, மறுநாள் மிச்சமுள்ள 500 சொச்சத்தை ஓட்டலாம். மாநில எல்லை தாண்டியதும் கடிகாரம் அரை மணி பின்னால் போகும். அறை முன்பதிவை அந்த நேரத்துக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் 50 மீட்டருக்கு மேல் நீளமான ரோட் ட்ரெயின்கள், அதாவது பல டிரெய்லர்களை இழுத்துப் போகிற லாரிகள், வரும். நம்ம ஊர் லாரியை முந்துகிற பழக்கத்தை இங்கே காட்ட வேண்டாம். எல்லைக்குச் சற்று முன்னால் வரும் கேமோவீல் ஊரில் டேங்க்கை நிரப்பிவிடுங்கள். அடுத்த பெட்ரோல் சுமார் 260 கிலோமீட்டர் தள்ளி, பார்க்லி ஹோம்ஸ்டெட் என்ற சாலையோர விடுதியில்தான். அங்கே விலையைப் பார்த்தால் வயிறு எரியும், ஆனாலும் போட்டுக்கொள்ளுங்கள். இடையில் செல்போன் சிக்னலும் கிடையாது. வீட்டுக்குப் பேச வேண்டியதைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.