விழப்போகும் பல்தானே என்று விட்டுவிடாதீர்கள்

பிள்ளைகளின் பல் விஷயத்தில் பெரியவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்: "பால் பல் எப்படியும் விழப்போகிறது, சொத்தையா, பிடுங்கிவிடலாம்." முன்பல் என்றால் பெரும்பாலும் பாதகமில்லை. பால் பல் வரிசையின் கடைசியில் இருக்கும் இரண்டாம் பால் கடைவாய்ப் பல்லை அப்படி எடுக்கவே கூடாது. அது 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டிய பல். சுமார் 6 வயதில் அதன் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். முன்னோக்கி நகர்வது அந்தப் பல்லின் இயல்பு. அதைத் தடுத்து நிறுத்துவது பால் பல்தான். தடை போனால் பின்பல் வெற்றிடத்துக்குள் சாயும். முதல் ஆறு மாதங்களில்தான் இடம் வேகமாகக் குறையும். பால் பல்லுக்கு மாற்றாக அடியில் காத்திருக்கும் முன்கடைவாய்ப் பல் பிறகு கோணலாக வெளிவரும், இல்லையேல் எலும்புக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஆகவே கூழ் சிகிச்சை (பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் மென்திசுவுக்கான சிகிச்சை) செய்து, மேலே உறை போட்டு அந்தப் பல்லைக் காப்பாற்றப் பாருங்கள். எடுத்தே தீரவேண்டும் என்றால், இடத்தைப் பிடித்துவைக்கும் 'ஸ்பேஸ் மெயின்டெயினர்' வேண்டுமா என்று அன்றே கேளுங்கள்.

அந்த ஆறு வயதுப் பல் எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால் பல் என்றே பலர் எண்ணுகிறார்கள். விழுந்தால் அதற்கு மாற்று கிடையாது. பாதி முளைத்த நிலையில் அது மற்றப் பற்களைவிடத் தாழ்ந்திருக்கும், நேராகத் தேய்த்தால் பிரஷ் அதன் மேல் படாது. கன்னத்துப் பக்கமிருந்து பிரஷைக் குறுக்காக நுழைத்து, பெரியவர் ஒருவர் தேய்த்துவிட வேண்டும்.

கீழ் முன்பற்கள் பால் பல்லுக்குப் பின்னால் இரண்டாம் வரிசையாக முளைத்தால் பதற வேண்டாம். பால் பல் ஆடினால், பிள்ளையே நாக்கால் ஆட்டி விழவைக்கட்டும். பிறகு நாக்கின் அழுத்தமே புதுப்பல்லை முன்னுக்குத் தள்ளும். கொஞ்சமும் ஆடவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எட்டு, ஒன்பது வயதில் மேல் முன்பற்களுக்கு இடையே தெரியும் சிறு இடைவெளிக்கு அவசரப்பட்டுக் கம்பி போடுவதும் தவறு. மேலே எலும்புக்குள் இருக்கும் கோரைப்பற்கள் பக்கத்துப் பல்லின் வேரை அழுத்துவதால் வரும் இடைவெளி அது. கோரைப்பற்கள் இறங்கும் 11, 12 வயதில் பெரும்பாலும் தானே மூடிவிடும். அதற்குமுன் பற்களை நெருக்கினால் வேர் கோரைப்பல்லில் மோதித் தேயக்கூடும். ஆனால் 10 வயதாகியும் ஈறின் மேற்பகுதியைத் தடவினால் கோரைப்பல்லின் புடைப்பு தட்டுப்படவில்லை என்றால் எக்ஸ்ரே தேவை. ஒருபக்கப் பல் முளைத்து ஆறு மாதமாகியும் மறுபக்கத்து இணைப்பல் வராவிட்டாலும் அப்படியே.

கைக்குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் அடித்தால் பல் முளைப்பதன்மேல் பழி போடாதீர்கள். வேறு காரணம் இருக்கும். பென்சோகைன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த ஈறு ஜெல்லை இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடவவே கூடாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடக்கூடும்.